சிற்றூர்க் காவல்துறையை ஆள்வது யார்? மாசசூசெட்ஸ் ஊர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கேள்வியும்

அமெரிக்காவில் ஊர்களும் நகரங்களும் தாமே நடத்தும் காவல்துறைகள் சுமார் 12,000 இருக்கின்றன. இவற்றில் ஏறத்தாழப் பாதியில் முழுநேரக் காவலர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. திரைப்படங்கள் வழியாக நாம் அறிந்த நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைகளெல்லாம் விதிவிலக்குகளே. ஒரு நிலையம், நாலைந்து வண்டிகள், பெயர் சொன்னால் ஊரே அறியும் ஒரு சீஃப் என்பதுதான் அங்கே பொதுவான நிலை.

இந்த அமைப்பு நமக்குப் பழக்கமில்லாதது. தமிழ்நாட்டில் நகராட்சித் தலைவர் தம் ஊர்க் காவல் ஆய்வாளருக்கு ஆணையிட முடியாது. அவரை நியமிக்கவோ மாற்றவோ முடியாது. காவல் என்பது அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருக்கும் பொருள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1859ஆம் ஆண்டு மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் அதை மாகாண அரசின் ஒற்றை அமைப்பாக ஆக்கிவிட்டது. அமெரிக்கச் சிற்றூரிலோ குப்பை அள்ளுவது, நூலகம், தீயணைப்பு, காவல் எல்லாம் ஒரே பட்ஜெட் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்கள். மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் அந்தப் பக்கத்துக்குப் பணம் ஒதுக்கலாமா என்று ஊர் மக்களே கை தூக்கி முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால் காவல்துறை ஊர்மக்களின் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். உள்ளே போய்ப் பார்த்தால், ஊரின் அதிகாரம் நியமனம், நிதி என்ற இரண்டு வாசல்கள் வழியாக மட்டுமே காவல்துறைக்குள் நுழைகிறது. காவலர் தெருவில் எப்படி நடந்துகொள்கிறார் என்ற மூன்றாவது வாசல் ஊருக்குப் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவி சங்க ஒப்பந்தம், மாநில ஆணையம், காப்பீட்டு நிறுவனம் என்று ஊருக்கு வெளியே பல கைகளில் இருக்கிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். மாசசூசெட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம், அதிகாரப் பங்கீட்டை அந்த மாநிலம் சட்ட வாசகமாகவே எழுதி வைத்திருப்பதுதான்.

2. ஊரின் உறுப்புகள்

மாசசூசெட்ஸில் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. பெரும்பாலானவை ‘டவுன்’ வகை. மக்கள்தொகை 12,000ஐத் தொடாத ஊர் நகர ஆட்சிமுறைக்கு மாற முடியாது. 6,000க்குக் கீழே இருந்தால் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டம் நடத்தவும் முடியாது. வாக்காளர் எல்லோரும் கூடும் திறந்த ஊர்க்கூட்டம்தான் அங்கே சட்டமன்றம்.

அந்தக் கூட்டத்துக்கான அழைப்பாணையைப் பார்த்தால் ஒரு பழமை புலப்படும். செலக்ட் போர்டு எனப்படும் மூவர் அல்லது ஐவர் குழு, ஊரின் கான்ஸ்டபிளுக்கு எழுதும் கடிதமாகவே அது தொடங்குகிறது: மக்களுக்கு அறிவித்து அவர்களைக் கூட்டு என்று மாநிலத்தின் பெயரால் கட்டளை. இந்தக் கான்ஸ்டபிள் சீருடைக் காவலர் அல்லர். சம்மன் சேர்ப்பதும் அறிவிப்பு ஒட்டுவதும் அவர் வேலை. லண்டனில் 1829இல் சீருடைக் காவல்துறை பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் இந்தப் பதவி இருந்தது. இன்றைய காவல்துறை இதன் மேல் பிற்பாடு கட்டிய மாடி.

ஊர்க்கூட்டம் வசந்தத்தில், பெரும்பாலும் பள்ளி அரங்கில் நடக்கும். ‘மாடரேட்டர்’ பட்ஜெட்டை வரி வரியாக வாசித்துக்கொண்டு போவார். ஒரு வரியைப் பேச வேண்டும் என்று நினைப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘ஹோல்ட்’ என்று குரல் கொடுப்பார். அப்படிக் குரல் எழாத வரிகள் ஒட்டுமொத்தமாக நிறைவேறும். எழுந்தவை ஒவ்வொன்றாக விவாதத்துக்கு வரும். காவல்துறைச் சம்பளம் என்ற வரிக்கு யாராவது குரல் கொடுத்தால் சீஃப் எழுந்து ஒலிவாங்கிக்கு முன் வந்து பதில் சொல்ல வேண்டும். ஏன் புதிய வண்டி, ஏன் ஓவர்டைம் கூடியது என்று கேட்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், போன மாதம் போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்கிய பால் பண்ணைக்காரராகவும் இருக்கலாம். வேறெந்த நாட்டிலும் ஒரு காவல் அதிகாரி இவ்வளவு நேரடியாக மக்கள் முன் நின்று பணம் கேட்பதில்லை என்றே நினைக்கிறேன்.

ஊர்க்கூட்டம் தொகையைத்தான் தீர்மானிக்கும். எந்தத் தெருவில் ரோந்து போவது, யாரைக் கைது செய்வது என்று தீர்மானிக்காது. அன்றாட மேற்பார்வை செலக்ட் போர்டுக்கு உரியது. உறுப்பினர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை மாலையில் கூடுகிறவர்கள். சற்றுப் பெரிய ஊர்களில் இவர்களுக்குக் கீழே ஊதியம் பெறும் டவுன் மேனேஜர் ஒருவர் இருப்பார். அங்கே சீஃபுக்கு உண்மையான மேலதிகாரி அவரே. நிதிக்குழு என்று ஒன்றும் உண்டு. அதன் வேலை ஆலோசனை சொல்வது மட்டும்தான். ஆனால் அது எதிர்த்த செலவு கூட்டத்தில் தேறுவது அரிது.

3. 97ஆம் பிரிவும் 97ஏ பிரிவும்

மாசசூசெட்ஸ் பொதுச் சட்டங்களின் 41ஆம் அத்தியாயத்தில் இரு பிரிவுகள் அடுத்தடுத்து உள்ளன. ஓர் ஊர் தன் காவல்துறையை எந்தப் பிரிவின்கீழ் நடத்துவது என்பதை அந்த ஊரே ஏற்றுக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். தனிச் சட்டமோ சொந்தச் சாசனமோ வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அவற்றிலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயலைக் காணலாம்.

97ஆம் பிரிவில் செலக்ட் போர்டு காவல்துறையை அமைக்கிறது, சீஃபையும் காவலர்களையும் நியமிக்கிறது, துறைக்கான விதிகளையும் தானே எழுதுகிறது. 97ஏ பிரிவிலும் நியமிப்பது போர்டுதான். ஆனால் விதிகளை எழுதுபவர் சீஃப். போர்டு அவற்றுக்கு ஒப்புதல் தர வேண்டும். 30 நாளுக்குள் எந்த முடிவும் எடுக்காவிட்டால் விதிகள் தாமாகவே நடைமுறைக்கு வந்துவிடும். எந்தக் காவலருக்கு எந்தப் பணி என்று ஒதுக்கும் அதிகாரத்தையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சீஃபிடம் தருகிறது. சீஃபை நீக்க வேண்டுமானால் காரணம் காட்டி, விசாரணை நடத்திய பிறகே நீக்க முடியும். உள்ளூர் வழக்கில் முதலாவதை ‘வீக் சீஃப்’ சட்டம் என்றும் இரண்டாவதை ‘ஸ்ட்ராங் சீஃப்’ சட்டம் என்றும் சொல்வார்கள்.

வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தெரியலாம். நடைமுறையில் எடுத்துப் பார்ப்போம். போர்டு உறுப்பினர் ஒருவரின் தெருவில் இளைஞர்கள் இரவில் பைக் ஓட்டுகிறார்கள். அவர் சீஃபைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து அங்கே ஒரு வண்டியை நிறுத்துங்கள் என்கிறார். 97ஏ ஊரில் சீஃப், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தம் கணக்குப்படி நடக்கலாம். 97ஆம் பிரிவு ஊரில் அதே உறுப்பினர் இன்னும் ஒருவரையோ இருவரையோ சேர்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் அதை விதியாகவே எழுதிவிட முடியும். முதல் ஊரில் சீஃப் தொழில்முறை அதிகாரி, இரண்டாவது ஊரில் அலுவலக ஊழியர் என்று சொன்னால் அதில் கொஞ்சம் மிகை இருக்கும். ஆனாலும் திசை அதுதான்.

97ஏ பிரிவுக்குப் பின்னால் ஒரு கருத்து வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி அப்போது சிறிய ஊர். அங்கே 1905இல் ஆகஸ்ட் வால்மர் மார்ஷலாகத் தேர்தலில் வென்றார். 1909இல் நியமனம் பெற்ற சீஃப் ஆனார். காவலருக்குப் பயிற்சிப் பள்ளி, மிதிவண்டி ரோந்து, கல்லூரி படித்த காவலர் என்று அவர் தொடங்கியவை நாடெங்கும் பரவின. காவல்துறை உள்ளூர் அரசியல்வாதிகளின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வழிவந்த சீர்திருத்தக்காரர்களின் வேதம். ஆள் சேர்ப்பில் சிபாரிசு, தேர்தலுக்குத் தேர்தல் காவலர் மாற்றம் என்று அன்று நடந்தவற்றைப் பார்த்தால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் அரசியல்வாதியை வெளியே நிறுத்த எழுப்பிய சுவர் வாக்காளரையும் வெளியேதான் நிறுத்தும். சீர்திருத்தக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை.

இன்று இரு பிரிவுகளுக்கும் இடையிலான தூரம் ஓரளவு குறைந்துவிட்டது. அதே அத்தியாயத்தின் 108ஓ பிரிவு சீஃபுடன் ஊர் தனி வேலை ஒப்பந்தம் செய்துகொள்ள அனுமதிக்கிறது. ஊதியம், காலவரையறை, நீக்கும் முறை எல்லாம் அதில் வந்துவிடுவதால், ‘வீக் சீஃப்’ ஊரிலும் நல்ல வழக்கறிஞர் வைத்திருக்கும் சீஃப் பலவீனமானவராக இருப்பதில்லை.

4. ஷிப்ட் கணக்கு

சட்டத்தை விட்டு, நிலையச் சுவரில் தொங்கும் பணி அட்டவணைக்கு வருவோம். சிற்றூர்க் காவல்துறையின் உண்மையான அரசமைப்பு அதுதான் என்பது என் கருத்து.

பதவி அடுக்கு எளிது. மேலே சீஃப். ஊர் கொஞ்சம் பெரிதானால் ஒரு லெப்டினன்ட். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு சார்ஜன்ட். கீழே ரோந்துக் காவலர்கள். ஒரு துப்பறிவாளர், பள்ளிக்கென ஒரு காவலர், சிறு வழக்குகளை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகும் ஒருவர் என்று சில சிறப்புப் பணிகள். இரண்டு மூன்று பணிகளை ஒரே ஆள் சுமப்பது வழக்கம். அலுவலக உதவியாளர் ஒருவர். தெருநாய் பிடிப்பவர் காவல்துறையின் கீழ் வரலாம், வராமலும் போகலாம்.

ஓர் ஊர் எந்நேரமும் ஒரே ஒரு ரோந்து வண்டியைத் தெருவில் வைத்திருக்க விரும்புகிறது என்று கொள்வோம். நாளுக்கு மூன்று ஷிப்ட். ஆண்டுக்கு 1,095 ஷிப்ட். மாசசூசெட்ஸில் பரவலான முறை, நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அப்படி வேலை செய்யும் காவலர் ஆண்டுக்குச் சுமார் 243 நாள் வரவேண்டியவர். விடுப்பு, உடல்நலக் குறைவு, கட்டாய 40 மணி நேர ஆண்டுப் பயிற்சி, நீதிமன்றம் என்று 45 நாள் கழியும் என்று வைத்துக்கொண்டால் மீதி 198. 1,095ஐ 198ஆல் வகுத்தால் ஐந்தரை வருகிறது. ஒற்றை வண்டிக்கு ஐந்தரைக் காவலர். இரண்டு வண்டிக்குப் பதினொருவர். ஷிப்டுக்கு ஒரு சார்ஜன்ட் வேண்டுமென்றால் இன்னும் ஐந்தரை. ஆக, இரவு இரண்டு மணிக்கு ஒரு சண்டையை விலக்க இரண்டு காவலரும் ஒரு மேலதிகாரியும் இருக்க வேண்டுமென்றால் சீஃபைச் சேர்க்காமலே பதினேழு பேர் தேவை. நாட்டின் பாதிக் காவல்துறைகளில் பத்துப் பேர்கூட இல்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது ஓவர்டைம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் இரட்டை ஷிப்ட் பார்க்கிறார். ஒருவர் கால் உடைந்து மூன்று மாதம் படுத்தால் ஆண்டு பட்ஜெட்டே ஆட்டம் காண்கிறது. இரண்டாவது, மேற்பார்வையின்மை. பல ஊர்களில் நள்ளிரவு ஷிப்டில் சார்ஜன்டே கிடையாது. ஷிப்டில் மூத்தவரே பொறுப்பு. காவலரின் நடத்தையைக் கண்ணால் பார்க்க மேலே ஆளே இல்லாத நேரம் அது. மூன்றாவது, பக்கத்து ஊர். 40ஆம் அத்தியாயத்தின் 8ஜி பிரிவின்கீழ் ஊர்கள் பரஸ்பர உதவி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக் குற்றவாளிகளை நள்ளிரவில் முதலில் எதிர்கொண்டது வாட்டர்டவுனின் ஒரு சில உள்ளூர்க் காவலர்கள். சில மணி நேரத்தில் அந்தத் தெருக்களில் எத்தனையோ துறைகளின் வண்டிகள் நின்றன. உதவி வந்ததில் குறை இல்லை. அத்தனை பேருக்கும் யார் ஆணையிடுவது என்பதுதான் அப்போது தெளிவாகாத விஷயம்.

சாலைப் பணியிடங்களில் நிற்கும் ‘டீடெயில்’ காவலர் இந்த மாநிலத்துக்கே உரிய காட்சி. குழாய் பதிப்பவர்கள் சாலையைத் தோண்டினால் பக்கத்தில் சீருடைக் காவலர் ஒருவர் நின்று போக்குவரத்தைத் திருப்புவார். கூலி ஒப்பந்ததாரருடையது. ஊர் அதைத் தனிக் கணக்கில் வாங்கிக் காவலருக்குக் கொடுத்து, 10 சதவீதம்வரை நிர்வாகக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். கொடி பிடிக்கச் சாதாரண ஆட்கள் போதுமே என்று 2008இல் ஆளுநர் டெவல் பேட்ரிக் அரசு மாநிலச் சாலைகள் சிலவற்றில் மாற்றத்தைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சம்பளம் ஊருடையது, உபரி வருமானம் ஒப்பந்ததாரருடையது என்ற நிலையில் களைப்புற்ற காவலர் யாருக்கு வேலை செய்கிறார் என்ற கேள்வியை ஊர்க்கூட்டம் கேட்பதே இல்லை. அந்தப் பணம் ஊர்க்கூட்டத்தின் பட்ஜெட் வரியில் வருவதில்லை அல்லவா?

5. பணத்தின் கடிவாளம்

1980இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் ‘இரண்டரை’ என்று பெயர் பெற்ற முன்மொழிவை நிறைவேற்றினார்கள். ஓர் ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, புதுக் கட்டடங்கள் நீங்கலாக, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது. மீற வேண்டுமானால் தனி வாக்கெடுப்பு. காவல்துறைச் செலவில் பெரும்பங்கு சம்பளம். சம்பளமோ ஒப்பந்தப்படி ஏறும். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் தம் போக்கில் ஏறும். இரண்டரைக்குள் இதை அடக்குவதே ஆண்டுதோறும் நடக்கும் போராட்டம்.

சங்கம் இங்கேதான் நுழைகிறது. 1973இன் சட்டப்படி காவலருக்குக் கூட்டுப் பேர உரிமை உண்டு. வேலைநிறுத்த உரிமை இல்லை. பேச்சு முறிந்தால் கூட்டுத் தொழிலாளர் மேலாண்மைக் குழுவின் வழியே நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அந்தத் தீர்ப்பு செலக்ட் போர்டைக் கட்டுப்படுத்தும். ஊர்க்கூட்டத்தில் அதை ஆதரித்துப் பேசவேண்டிய கடமையும் போர்டுக்கு உண்டு. ஆனால் ஊர்க்கூட்டம் பணம் ஒதுக்க மறுத்துவிடலாம். நடுவர் மன்றம் முடிந்த முடிவாகத் தந்ததை ஒரு பள்ளி அரங்கில் கூடிய வாக்காளர்கள் கவிழ்க்கும் இந்த ஏற்பாட்டை நான் ரசிக்கிறேன். நிதி என்னும் வாசலில் ஊரின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாநிலம் காட்டும் ஆசைகளில் சிக்கிக்கொள்வதும் உண்டு. 1970இன் குவின் சட்டம், பட்டம் படித்த காவலருக்குச் சம்பளத்தில் கூடுதல் விழுக்காடு தந்தது: இளநிலைப் பட்டத்துக்கு 20, முதுநிலைக்கு 25. பாதிச் செலவு மாநிலத்துடையது என்ற வாக்குறுதியை நம்பி ஊர்கள் அதை ஏற்றன. 2009இன் நிதி நெருக்கடியில் மாநிலம் தன் பங்கை வெட்டியது. காவலருக்கும் ஊருக்கும் இடையே வழக்குகள்தான் மிஞ்சின.

6. சிறியதே நல்லதா: ஆஸ்ட்ரமும் பெர்கூசனும்

இத்தனை சிறு துறைகள் எதற்கு, எல்லாவற்றையும் இணைத்துப் பெரிதாக்கினால் என்ன என்பது அமெரிக்க நிர்வாகவியலில் நூற்றாண்டுப் பழைய வாதம். அதற்கு ஆதாரத்தோடு மறுப்புச் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். பின்னாளில், 2009இல், பொருளியல் நோபல் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவரும் மாணவர்களும் இண்டியானாபொலிஸ் பகுதியில் ஆய்வு செய்தார்கள். தனிக் காவல்துறை வைத்திருந்த ஸ்பீட்வே, லாரன்ஸ், பீச் குரோவ் ஆகிய சிறு ஊர்களை, பெருநகரக் காவல்துறையின் கீழிருந்த ஒத்த தன்மையுள்ள பகுதிகளோடு ஒப்பிட்டு, வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். அழைத்தால் எவ்வளவு விரைவில் வருகிறார்கள், புகாரை எப்படிக் கேட்கிறார்கள் என்பனவற்றில் சிறு துறைகள் மேலாகவே இருந்தன. ரோந்தும் புகார் விசாரணையும் சிறு அளவில் நன்றாக நடக்கும், தடயவியல் கூடமும் தொலைபேசி மையமும் பெரிய அளவில்தான் சிக்கனம் என்று பணிவாரியாகப் பிரித்துக் காட்டியது அவர் ஆய்வின் சாரம். மாசசூசெட்ஸ் ஊர்கள் பல இன்று 911 அழைப்பு மையங்களை வட்டாரவாரியாக இணைத்துவிட்டு, ரோந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வது அவர் சொன்ன வழிதான்.

ஆஸ்ட்ரம் குழு அடுத்து ஆராய்ந்தது, சிறு காவல்துறைகள் மலிந்த செயின்ட் லூயிஸ் வட்டாரம். அதே வட்டாரத்தில்தான் 21,000 பேர் வாழும் பெர்கூசன் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் அங்கே காவலர் துப்பாக்கிச் சூட்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் இறந்தார். 2015 மார்ச்சில் மத்திய நீதித் துறை வெளியிட்ட அறிக்கை, அந்த ஊர் தன் காவல்துறையை வரி வசூல் எந்திரமாகவே நடத்தியதைக் காட்டியது. ஊர் மக்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். 54 காவலர்களில் கறுப்பினத்தவர் நால்வர். நிதி அதிகாரி சீஃபுக்கு எழுதிய கடிதங்களில், சீட்டுகள் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வருமானம் குறையும் என்ற கவலை வெளிப்படையாகவே இருந்தது. அலபாமாவின் புரூக்சைடு இன்னும் சிறியது, 1,253 பேர். நெடுஞ்சாலையில் போகிறவர்களை நிறுத்தி வாங்கிய அபராதமும் பறிமுதலும் ஊர் வருமானத்தில் பாதியை எட்டின. செய்தித்தாள் இதை வெளிக்கொணர்ந்ததும் 2022 ஜனவரியில் சீஃப் பதவி விலகினார்.

ஆஸ்ட்ரம் பிழை செய்தாரா? இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டார், வீட்டுக்காரர் திருப்தி என்றார். நெடுஞ்சாலையில் நிறுத்தப்படுகிறவருக்கு அந்த ஊரில் வீடும் இல்லை, வாக்கும் இல்லை. வாக்கு இருந்தும் உள்ளூர்த் தேர்தலுக்கு வராத பெர்கூசன்வாசியும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார். ஊரின் கட்டுப்பாடு என்பது ஊர்க்கூட்டத்துக்கு வருகிறவர்களின் கட்டுப்பாடு. காவல்துறை அவர்களுக்குப் பணிவாக நடந்துகொள்ளும். அதே ஷிப்டில் இன்னொருவரிடம் வேறு முகம் காட்டும். மாசசூசெட்ஸ் இந்த நோயிலிருந்து ஓரளவு தப்பியதற்குப் பண்பைவிடப் பணமே காரணம். அங்கே ஊரின் வருமானம் சொத்து வரியிலிருந்து வருகிறது. சீட்டுப் பணத்தை நம்பி எந்தச் சீஃபும் பட்ஜெட் போட வேண்டியதில்லை.

7. ஒழுங்கு நடவடிக்கை

காவலர் தவறு செய்தால் ஊர் என்ன செய்யலாம்? இங்கேதான் மூன்றாவது வாசலின் பூட்டு கண்ணில் படுகிறது.

நியூ ஜெர்சியின் பெல்மார், பாரிங்டன் என்னும் சிற்றூர்களில் போக்குவரத்துச் சீட்டுகளைக் கமுக்கமாகத் தள்ளுபடி செய்தார்கள் என்று காவலர்கள்மேல் விசாரணை வந்தது. பதில் சொல்லாவிட்டால் வேலை போகும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. கேரிட்டி வழக்கு என்று நாடெங்கும் காவலர் சங்கங்கள் மனப்பாடமாகச் சொல்லும் இந்தத் தீர்ப்பு சிற்றூர்ச் சீட்டு ஊழலில் பிறந்தது. 1985இன் லவுடர்மில் தீர்ப்பு, நிரந்தர அரசு ஊழியரை நீக்கும்முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. இவற்றோடு மாநிலச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது: போர்டு மூடிய அமர்வில் காவலர்மேல் புகாரை விவாதிப்பதானால் 48 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், வழக்கறிஞரோடு வரவும், அமர்வைத் திறந்து நடத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. குடிமைப் பணி முறையை ஏற்ற ஊரானால் மாநில ஆணையத்திடம் மேல்முறையீடு. இல்லையென்றால் சங்க ஒப்பந்தப்படி நடுவர். இத்தனை படிகளையும் ஏறி ஒரு காவலரை வெளியேற்ற ஊருக்கு ஆகும் வழக்கறிஞர் செலவு, அவரை ராஜினாமா செய்யவைத்து நற்சான்று கொடுத்து அனுப்புவதைவிடப் பல மடங்கு. அவர் இருபது மைல் தள்ளி இன்னொரு ஊரில் சீருடை அணிவார்.

இந்தச் சுழற்சியை நிறுத்தத்தான் 2020 டிசம்பர் 31 அன்று ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டம், ஒன்பது பேர் கொண்ட ‘போஸ்ட்’ ஆணையத்தை உருவாக்கியது. இனிக் காவலருக்கு மாநிலச் சான்றிதழ் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆணையம் அதைப் பறித்தால் மாநிலத்தில் எந்த ஊரிலும் வேலை இல்லை. ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்துக்குப் பின் எழுந்த கிளர்ச்சியின் பயன் இது. ஆனால் அடி எதிர்பாராத இடத்தில் விழுந்தது. மேற்கு மலைப்பகுதியின் சின்னஞ்சிறு ஊர்கள் பகுதிநேரக் காவலர்களை வைத்தே காலம் தள்ளியவை. வார நாளில் தச்சராகவும் ஓட்டுநராகவும் இருந்து, வாரக் கடைசியில் சீருடை போடுகிறவர்கள். முழுநேரக் காவலருக்கு நிகரான தகுதிக்கு வர, அவர்கள் 200 மணி நேர இணைப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. பலர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நியாயமான சட்டம்தான், அதன் விலையைக் கொடுத்தவை தவறு நடந்த ஊர்கள் அல்ல.

8. ஊருக்கு வெளியே உள்ள கைகள்

1978இன் மோனெல் தீர்ப்புக்குப் பின், ஊரின் கொள்கையாலோ வழக்கத்தாலோ ஒருவரின் உரிமை பறிபோனால் ஊரே இழப்பீடு தர வேண்டும். சிற்றூர் இதைத் தன் கஜானாவிலிருந்து தாங்காது, காப்பீடு எடுக்கிறது. காப்பீட்டுக்காரர் சும்மா பணம் தருவதில்லை. வண்டியைத் துரத்திப்போகும் விதியைக் காட்டு, பலப்பிரயோக விதியைக் காட்டு, பயிற்சி ஏட்டைக் காட்டு என்கிறார். சிகாகோ சட்டப் பேராசிரியர் ஜான் ராபபோர்ட் 2017இல் எழுதிய ஆய்வு, தனியார் காப்பீட்டாளர்கள் எப்படிக் காவல்துறைகளை நெறிப்படுத்துகிறார்கள் என்பதை விரிவாகக் காட்டியது. கலிபோர்னியாவின் மேவுட் 2010இல் காப்பீட்டை இழந்தது. காவல்துறையையே கலைத்துவிட்டுக் கவுன்ட்டி ஷெரிப்பிடம் ரோந்தை ஒப்படைத்தது. 97ஏ ஊரில் செலக்ட் போர்டு எழுத முடியாத விதியை, பிரீமியம் உயரும் என்ற ஒரு வரிக் கடிதத்தால் காப்பீட்டாளர் எழுதவைக்கிறார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் தலையீட்டால் பல ஊர்களில் நல்லதே நடந்திருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது.

கொலை வழக்கு இன்னொரு வெளிக்கை. பாஸ்டன் போன்ற சில பெருநகரங்கள் தவிர, மாசசூசெட்ஸில் சந்தேக மரணம் நேர்ந்தால் விசாரணை மாவட்ட அரசு வழக்கறிஞரோடு இணைந்த மாநிலக் காவல் துப்பறிவாளர்களுக்குப் போய்விடும். முதலில் வந்து சேரும் உள்ளூர்க் காவலர் இடத்தைக் காத்து ஒப்படைப்பதோடு சரி. 2022 ஜனவரியில் கேன்டன் ஊரில் பனியில் பாஸ்டன் காவலர் ஒருவர் இறந்து கிடந்தபோது இப்படித்தான் நடந்தது. பனியில் கிடந்த இரத்தத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கிய பிளாஸ்டிக் கோப்பைகளில் உள்ளூர்க் காவலர்கள் சேகரித்தது வழக்கு விசாரணையில் நாடெங்கும் பேசுபொருளானது. குற்றம் சாட்டப்பட்டவரைக் காவலர்கள் சதி செய்து சிக்கவைத்தார்களா என்ற கேள்வியில் ஊர் இரண்டாகப் பிளந்தது.

2023 நவம்பரில் கேன்டன் ஊர்க்கூட்டம் தன் காவல்துறையை வெளியார் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யத் தீர்மானித்தது. அதற்கும் வழி நிதி ஒதுக்கீடுதான். கூட்டத்தின் கையில் வேறு கருவி இல்லை. 2025 வசந்தத்தில் வந்த அறிக்கை, யாரையும் சிக்கவைக்கச் சதி நடந்ததாகச் சான்று இல்லை என்றது. கூடவே, உடலை நகர்த்தும்முன் இடத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும், சாட்சிகளை நிலையத்தில் வைத்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பன போன்ற குறைகளையும் சுட்டியது. முதன்மை விசாரணையை நடத்திய மாநிலக் காவல்துறையோ அந்தத் தணிக்கைக்குள் வரவில்லை. வரவைக்க அந்த ஊர்க்கூட்டத்துக்கு அதிகாரமும் இல்லை.